சூடம் சொன்ன தீர்ப்பு

இப்போதெல்லாம் தப்புச் செய்தவன் போனை எடுக்கிறான். 'சாரி' என்று ஒரு வார்த்தை தட்டுகிறான். இரண்டு கையும் சேர்ந்து கும்பிடுகிற பொம்மை ஒன்றைப் பக்கத்தில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறான். வாங்கிக்கொண்டவனும் கட்டைவிரலைத் தூக்குகிற பொம்மையைத் திருப்பி அனுப்புகிறான். அதோடு முடிந்தது. முன்பெல்லாம் ஒருத்தனை அநியாயமாகப் பேசிவிட்டால் அவன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். அவன் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போவாள். உட்காரச் சொல்ல மாட்டார்கள். வெயிலில் நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போதுதான் கொஞ்சமாவது புத்தி வரும்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நிற்க வேண்டிய ஒரு வாசலை மாதக்கணக்கில் சுற்றிப் போனவன் நான். அந்தத் தெரு வழியாகப் போனால் மார்க்கெட்டுக்குப் பக்கம். நான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

என் பெயர் மூக்காண்டி. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. சங்கரன்கோவிலில் அப்துல் ஜப்பார் முதலாளியின் தறி செட்டில் முப்பத்தொரு வருசம் மேஸ்திரி. இருபத்து நாலு தறி. எல்லாம் சேலைத் தறி. உள்ளே நின்றால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது காதில் விழாது, வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு ஆளுக்கு நாலு தறி. குறுக்கு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாயும்போது, நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஒரு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அறுந்த இரண்டு முனையையும் பிடித்து முடிச்சுப் போட்டு, மறுபடி ஓட்டிவிட வேண்டும். முடிச்சு கடுகை விடச் சின்னதாக இருக்க வேண்டும். பெரிதாக இருந்தால் சேலையில் தடவும்போதே தெரிந்துவிடும்.

அந்த முடிச்சைப் போடுவதில் பேச்சிராஜை மிஞ்ச ஆள் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வந்து சேர்ந்தான். பதினெட்டு வயது. கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிச்சு விழுந்து தறி ஓடும். அவன் அம்மா மாரித்தாய் எங்கள் செட்டிலேயே தார் சுற்றுகிறவள், நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் நூல் ஏற்றுகிற வேலை. அவன் அப்பன் சங்கரநாராயணன் என் கூட்டாளி. சேர்ந்து தறி ஓட்டினோம், சேர்ந்து குடித்தோம். நான் வயிறு புண்ணாகி விட்டுவிட்டேன். அவன் விடவில்லை, செத்துப் போனான். மாரித்தாய்க்கு அவன் தாய்மாமன். சொந்த அக்கா மகளைத்தான் கட்டினான். மூன்று பிள்ளைகள். மூத்தவள் பொன்மணி பதினோரு வயதில் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். பச்சிலை அரைத்துக் கொடுத்தார்கள், கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை வயிற்றில் பூசினார்கள். நிற்கவில்லை. அடுத்தவன் பேச்சிராஜ். கடைசிப் பிள்ளை கோமதித்தாய் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

பேச்சிராஜுக்கு இருபத்தோரு வயது நடக்கும்போதுதான் கோளாறு ஆரம்பித்தது. முடிச்சு விழவில்லை. இழையைப் பிடிக்கப் போவான், விரல் பக்கத்து இழையில் போய் இடிக்கும். ஒன்றை முடியப் போய் நாலை அறுப்பான். டம்ளரை வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி டீ சட்டையில் கொட்டும். பேச்சு குழறியது. வாயோரம் எச்சில் வழியும், அதைத் துடைக்கவும் தோன்றாமல் நிற்பான். காரணமில்லாமல் சிரிப்பான். ஏலே, என்னலே சிரிப்பு என்று கேட்டால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எனக்குக் குடிகாரனைத் தெரியாதா? பத்தடி தூரத்தில் வரும்போதே நடையை வைத்துச் சொல்லிவிடுவேன். அவன் நடை அப்படித்தான் இருந்தது. இரண்டு தடவை வாயை ஊதச் சொன்னேன். வாடை இல்லை. ஒரு மனுசன் அந்த இடத்தில் யோசித்திருக்க வேண்டும். நான் எப்படி யோசித்தேன் என்றால், இந்தக் காலத்துப் பயல்கள் வாடை இல்லாமல் போதை ஏற்றிக்கொள்ள ஏதோ மாத்திரை வைத்திருக்கிறார்கள், இவன் அதைப் போடுகிறான் என்று யோசித்தேன். தினமும் காலையில் அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிக் கண் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பேன். சிவக்கவில்லை. அதையும் நான் நம்பவில்லை.

ஆனி மாதக் கடைசியில் ஒருநாள், நாடா குறுக்கே நிற்கும்போதே கை தவறித் தறியை ஓட்டிவிட்டான். பாவில் முந்நூறு இழைக்கு மேல் அறுந்தது. ஒரு நாள் முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து முடிந்தோம். நான் எல்லார் முன்னாலும் சொன்னேன்:

"அப்பன் பிராந்தியில கவுந்தான். நீ மாத்திரையில கவுருத. வித்தியாசம் அம்புட்டுத்தான்."

தார் சுற்றிக்கொண்டிருந்த மாரித்தாய் எழுந்து வந்தாள். குடியால் தாலி அறுத்தவள். மகனிடம் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"நெசந்தானாண்ணே?"

அவன் முந்திக்கொண்டு, நான் குடிக்கல, ஒண்ணும் போடல என்றான். நாக்குக் குழறி அது முழுசாகக்கூட வரவில்லை. கேட்டவர்களுக்குச் சிரிப்பு வந்தது. அப்போது நான் சொன்னேன்:

"அப்படின்னா மாடசாமி முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணட்டும். அதுக்கப்புறம் நான் வாயத் தெறக்கல."

செட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் எங்கள் ஆட்கள் வைத்துக் கும்பிடுகிற மாடசாமி பீடம் இருக்கிறது. நூல் காணாமல் போனாலும், ஒருத்தன் வேட்டி காணாமல் போனாலும் அங்கேதான் சத்தியம். தட்டில் சூடம் கொளுத்துவோம். உண்மை பேசுகிறவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் ஒரே அடி அடித்து அணைப்பான். பொய்யனுக்குக் கை வராது. அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வைத்தோம். முதலாளி ஜும்மா தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இது உங்கள் சாமி காரியம், நான் குறுக்கே வரவில்லை, ஆனால் அந்தப் பையனை முதலில் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டிவிட்டு இதையெல்லாம் வையும் வே என்றார். குடிகாரனிடம் டாக்டர் புதிதாக என்னத்தைக் கண்டுபிடிப்பார் என்று கேட்டேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். ஆக, புத்தி சொல்ல ஆள் இல்லை என்றும் நான் சொல்ல முடியாது.

பதினாலு பேர் கூடி நின்றோம். ஆடிக் காற்று மேற்கேயிருந்து மண்ணை அள்ளி அடித்தது. சூடம் மூன்று தடவை கொளுத்தித்தான் நின்றது. பேச்சிராஜ் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். பட்டன் ஒன்று மேலும் கீழுமாக மாறி மாட்டியிருந்தது.

"நான் குடிக்கல," என்று சொல்லிக் கையை ஓங்கினான்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்று ஆடியது. சிறகடிக்கிற மாதிரி ஆடியது. கீழே இறக்கினான், தட்டுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் விழுந்தது. மறுபடி ஓங்கினான். இந்தத் தடவை தட்டின் விளிம்பில் பட்டுத் தட்டு எகிறி, சூடம் எரிந்துகொண்டே புல்லில் போய் விழுந்தது. மூன்றாவது தடவை மண்டி போட்டு, புல்லில் கிடந்த சூடத்தை நோக்கிப் போனான். அவன் கை போய்ச் சேருவதற்குள் சூடம் தானே எரிந்து தீர்ந்தது.

ஒருத்தன் காற்று என்றான். நான், "காத்து அணைக்கலியே, இவன் கைதான தப்புது," என்றேன். முத்துமணி என்கிற தறிக்காரன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாமி ஏத்துக்கிடல என்றான். அவ்வளவுதான், எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

மாரித்தாய் பீடத்தடியில் கிடந்த விளக்குமாற்றை எடுத்தாள். மகனை அடித்தாள். முதுகில், தோளில், முகத்தில். அவன் தடுக்கக்கூட இல்லை. தடுக்க ஓங்கிய கையும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போது எனக்கு மனசில் திருப்திதான். அதை மறைக்க விரும்பவில்லை.

அதற்கப்புறம் அவன் வேலைக்கு வரவில்லை. மாரித்தாயும் வேறு செட்டுக்குப் போய்விட்டாள். அவன் வீட்டில் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறான், சோறு விக்குகிறது, தங்கச்சி ஊட்டிவிடுகிறாள் என்று காதில் விழுந்தது. குடியை நிறுத்தினால் கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். ஆனால் மூன்று மாதம் போச்சு, ஐந்து மாதம் போச்சு. வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவன் எங்கே போய்க் குடிப்பான் என்ற கேள்வி எனக்கும் வந்தது. வந்ததும்தான் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் போக ஆரம்பித்தேன்.

மாசி மாதம் திருநெல்வேலிக்குப் போக வேண்டிய வேலை. பாளையங்கோட்டையில் மகன் வீடு. பஸ்ஸில் ஏறினால் மாரித்தாய் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் மஞ்சள் துணி சுற்றிய ஐந்து லிட்டர் கேன். அவளுக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் பேச்சிராஜ், பக்கத்தில் தங்கச்சி. அவன் தாடைக்குக் கீழே துண்டு செருகியிருந்தது. பாதி உடம்பாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு சிரித்தது. "மா... மா" என்றான். இறங்கிவிடலாமா என்று இருந்தது. பஸ் கிளம்பிவிட்டது.

என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டேன்:

"என்ன மாரித்தாயி, கேன்ல எண்ணெயா?"

"இல்லண்ணே. எம்பிள்ள மோண்டது. நேத்துக் காலையிலருந்து இன்னைக்குக் காலை வரைக்கும். ஒரு சொட்டு கீழ போகாமப் பிடிச்சிருக்கேன்."

முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்துவிட்டுச் சேலையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு?"

"அதுல செம்பு எம்புட்டு இருக்குன்னு பாக்கணுமாம்."

"மூத்திரத்துல செம்பா? யாரு சொன்னா?"

"கண்ணு டாக்டரு."

"கையி ஆடுதவனுக்குக் கண்ணு டாக்டரா?"

"நீங்க இப்படித்தான் கேப்பீங்கன்னு தெரியும்ணே. அதான் ஒங்ககிட்ட வந்து சொல்லல."

பனவடலிசத்திரம் போகும் வரை அவள்தான் பேசினாள். கோமதித்தாய் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டிருக்கிறார்கள். பிள்ளை தனக்குக் கண்ணாடி பார்க்கப் போனவள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். முகாமுக்கு வந்த டாக்டர் மிஷினில் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவே இல்லையாம். கருவிழியைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறது, உடம்பில் செம்பு சேர்ந்தால்தான் இப்படி வரும், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தாராம். ரத்தம் எடுத்தாகிவிட்டது. இன்றைக்கு இந்தக் கேனைக் கொடுத்துவிட்டு அங்கே உள்ள டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும்.

எனக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. செம்பு பாத்திரத்தில் இருக்கும், கம்பியில் இருக்கும். மனுசனுக்குள் எப்படிப் போகும்? மானூர் தாண்டியதும் அவள் சொன்னாள்:

"கூட வந்து டாக்டரம்மா சொல்லுததக் கேளுங்கண்ணே. எனக்குப் பாதி வெளங்க மாட்டேங்குது."

அவளுக்கு வேறு ஆம்பிளை யாரும் இல்லை என்பதால் கேட்டாள். அதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. போனேன்.

டாக்டரம்மா பெயர் ஆபிதா பானு. கடையநல்லூர்ப் பெண். சின்ன வயசு, என் பேத்தி மாதிரி. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் ஒரு தாளை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எப்போது ஆரம்பித்தது, எழுத்து மாறியதா, காமாலை வந்ததுண்டா. அப்புறம் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"குடிப்பழக்கம் உண்டா?"

மாரித்தாய் திரும்பி என்னைப் பார்த்தாள். கோமதித்தாயும் பார்த்தாள். பேச்சிராஜ் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். மூன்று பேரும் கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி பார்த்தார்கள். டாக்டரம்மா பேனாவைத் தூக்கிக்கொண்டு, யாராவது சொல்லுங்க என்றாள்.

"இல்லம்மா," என்றேன்.

அவள் ஒரு கோடு போட்டாள். அவ்வளவுதான். ஆடி மாதம் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைக்கு அந்தத் தாளில் ஒரு கோட்டு இடம்தான் ஆனது.

அப்பா அம்மா சொந்தமா என்றாள். மாரித்தாய், தாய்மாமனைத்தான் கட்டினேன் என்றாள். வேறு பிள்ளைகள் இறந்திருக்கிறார்களா என்றாள். பொன்மணியைப் பற்றி மாரித்தாய் சொல்லச் சொல்ல அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். அந்தக் காமாலையும் இதே வியாதியாக இருந்திருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். மாரித்தாய்க்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் கேனைச் சுற்றி வந்த மஞ்சள் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

வியாதிக்கு வில்சன் என்று பெயராம். யாரோ வெள்ளைக்கார டாக்டர் பெயர். டாக்டரம்மா எங்களுக்குத் தெரிகிற மாதிரி சொன்னாள்.

"நாம சாப்பிடுத எல்லாத்துலயும் பொடிப்பொடியாச் செம்பு இருக்கு. ஒடம்புக்குக் கொஞ்சம் வேணும். மிச்சத்த ஈரல் வெளிய தள்ளிரும். வீட்டுல அழுக்குத் தண்ணி போக வாறுகால் இருக்குல்லா, அது மாதிரி. இவங்களுக்குப் பொறக்கும்போதே அந்த வாறுகால் அடைப்பு. தண்ணி தேங்குத மாதிரி செம்பு தேங்குது. மொதல்ல ஈரல்ல, அப்புறம் மூளையில, கண்ணுல. அதான் கை ஆடுது, பேச்சுக் கொழறுது, சிரிப்பும் அழுகையும் அவங்க கையில இல்ல."

"வீட்ல செம்புப் பானையில தண்ணி வச்சுக் குடுத்தேன்மா," என்றாள் மாரித்தாய். "பெலத்துக்குன்னு வாரவாரம் ஆட்டு ஈரல் வதக்கிக் குடுத்தேன்."

அதனால் வந்த வியாதி இல்லை, உங்கள் மேல் தப்பில்லை, ஆனால் இனிமேல் இரண்டும் வேண்டாம் என்றாள். ஈரல், நண்டு, கடலை, முந்திரி, சாக்லேட், காளான் எல்லாம் வேண்டாம். சேர்ந்த செம்பை மூத்திரத்தில் இழுத்து வெளியேற்ற மாத்திரை. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால். ஆயுசு முழுக்க.

"ஆரம்பத்துல நடுக்கம் இன்னும் கூடலாம்," என்றாள். "பயந்துபோய் நீங்களா நிறுத்திராதீங்க. நிறுத்துனா உயிருக்கு ஆபத்து. நேர எங்கிட்ட வாங்க." கோமதித்தாயைக் காட்டி, இந்தப் பிள்ளைக்கும் டெஸ்ட் எடுக்க வேண்டும், நன்றாக இருந்தாலும் எடுக்க வேண்டும் என்றாள்.

அக்கா மகளைக் கட்டியவர்கள் எங்கள் தெருவில் பாதிப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று நான் கேட்டேன். எல்லாருக்கும் வராது ஐயா, அப்பா அம்மா இரண்டு பக்கமும் அந்தக் குறை இருந்தால் நாலில் ஒரு பிள்ளைக்கு வரலாம் என்றாள். நாலில் ஒன்று என்றால் இந்த வீட்டில் எப்படி மூன்றில் இரண்டு என்று கேட்க நினைத்தேன். பக்கத்து அறையில் கண் மிஷின் இருந்தது. நான் நம்பாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, வாங்க, நீங்களே பாருங்க என்று கூட்டிக்கொண்டு போனாள்.

பார்த்தேன். கருவிழியின் விளிம்பில் பழுப்பும் பச்சையுமாக ஒரு வளையம். புளி போட்டுத் துலக்காமல் விட்ட குத்துவிளக்கின் ஓரம் மாதிரி. அந்தக் கண்ணை நான் தாடையைப் பிடித்துத் திருப்பித் திருப்பி எத்தனை காலை பார்த்திருக்கிறேன். சிவப்பைத் தேடினேன். வளையத்தைத் தேடவில்லை. மிஷினுக்கு அந்தப் பக்கம் அவன் தாடையை வைத்துக்கொண்டு அசையாமல் இருக்கப் பாடுபட்டான்.

மூத்திர டெஸ்ட் முடிவும் வந்து, பங்குனிக் கடைசியில் மாத்திரை ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஆயிற்று. மூன்றாவது வாரத்தில் நடுக்கம் பெருகியது. கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. சித்திரை வெயிலில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மாரித்தாய் என் வீட்டுக்கு வந்தாள். செருப்பில்லாமல் வந்திருந்தாள்.

"பிள்ள போயிருவான் போலருக்குண்ணே. முந்தி இவ்வளவு இல்ல. எல்லாரும் மாத்திரைதான் கெடுக்குங்காங்க. நிறுத்திரவா?"

நிறுத்து என்று சொல்ல எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மாத்திரை போட்டதும் வியாதி கூடுகிறது என்றால் எந்த மடையனும் என்ன சொல்வான்? நானும் அதைத்தான் நினைத்தேன். இன்றைக்கும் அதில் எனக்கு முழுசாகத் தெளிவில்லை. ஆனால் அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத் தார் சுற்றும் இடத்திலிருந்து எழுந்து வந்து, நெசந்தானாண்ணே என்று கேட்டபோதும் இப்படித்தான் பார்த்தாள்.

"மாரித்தாயி," என்றேன். "இந்தச் செம்பு விசயம் எனக்கு இன்னும் நம்பிக்கப்படல. ஆனா என் நம்பிக்கய வச்சுத்தான் உம்பிள்ளய நடுத்தெருவுல நிறுத்துனேன். என் பேச்சக் கேக்காத. அந்தப் பொண்ணுகிட்டயே போயிக் கேப்போம். நான் தூக்கிட்டு வாரேன்."

தூக்கிக்கொண்டுதான் போனேன். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் என் தோளில் அவன் தலை. என் சட்டை முழுக்க எச்சில். கூட்டத்தில் ஒருத்தன், பட்டப்பகல்லயே ஏத்திட்டானா என்று கேட்டான். ஏலே, அது வியாதிலே என்று சொன்னேன். அந்த ஆளை நான் எப்படித் திட்டுவது? அவன் சொன்னது நான் சொன்னதுதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. நிறுத்தாமல் வந்ததே பெரிசு என்றாள். அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டிக் கொடுத்தாள். இரண்டு வாரம் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். கோமதித்தாயின் டெஸ்ட்டும் வந்தது. அவளுக்கும் இருந்தது. கை ஆடவில்லை, கண்ணில் ஒன்றுமில்லை, ஈரலில் மட்டும் தொடக்கம். இப்போதே பிடித்ததால் துத்தநாக மாத்திரை போதும், படிக்கலாம், கல்யாணம் செய்யலாம் என்றாள். அந்தப் பிள்ளை இப்போது கல்லூரிக்கு பஸ்ஸில் போகிறாள். பையில் மாத்திரை டப்பா இருக்கும்.

ஊருக்குத் திரும்பிய மறுநாள் அந்த வாசலில் போய் நின்றேன். வெயில் மண்டையில் இறங்கியது. மாரித்தாய் வெளியே வந்தாள். நான் பேச ஆரம்பிப்பதற்குள், "விடுங்கண்ணே. ஒங்க வாயி சொல்லிச்சு. வெளக்கமாறு என் கையிலதான இருந்துச்சு," என்றாள். உள்ளே வரச் சொன்னாள், மோர் கொடுத்தாள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஒன்றரை வருசம் ஓடியது. முதலில் சோறு விக்காமல் இறங்கியது. அப்புறம் எச்சில் நின்றது. அப்புறம் ஒருநாள் சட்டைப் பட்டனை அவனே மாட்டினான். ஆறும் சரியாக மாட்டியிருந்தது. பேச்சு இன்னும் கொஞ்சம் இழுக்கும், ஆனால் விளங்கும். முதலாளி கூப்பிட்டுச் சேலை மடிக்கிற வேலை கொடுத்தார். நாலு தறி ஓட்ட அந்தக் கைக்கு முடியாது. இனிமேல் முடியுமா என்று டாக்டரம்மாவும் சொல்லவில்லை.

வேலைக்கு வந்த முதல் வாரம் என்னிடம் வந்தான்.

"மாமா, அந்தச் சூடத்த நான் மறுபடி அணைக்கணும். அதே எடத்துல. அன்னைக்கு நின்ன எல்லாரும் நிக்கணும்."

"அது எதுக்குடே? எல்லாருக்கும் வியாதின்னு தெரிஞ்சுபோச்சே."

"வியாதின்னுதான தெரியும். பொய்ச் சத்தியம் பண்ணலன்னு யாருக்குத் தெரியும்?"

என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கேட்கிறவன் அவன். அன்றைக்கு நின்ற ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நானே நடந்தேன். ஒருத்தன், அதான் குரூப்புல சாரி போட்டுட்டம்லா அண்ணாச்சி என்று போனைத் திறந்து காட்டினான். பத்துப் பேர் போட்டிருந்தார்கள், பத்துக் கும்பிடுகிற பொம்மை. கடைசியில் ஐந்து பேர் வந்தார்கள். முத்துமணி வந்தான். மாரித்தாயும் கோமதித்தாயும் மரத்தடியில் நின்றார்கள். முதலாளி தள்ளி, செட் வாசலில் நின்றார்.

புரட்டாசி மாதம், காற்று இல்லை. நான்தான் சூடம் கொளுத்தினேன். பேச்சிராஜ் வந்து நின்றான்.

"நான் குடிக்கல," என்றான்.

கை மேலே போனது. கொஞ்சம் ஆடியது. மூச்சை இழுத்துக்கொண்டான். இறக்கினான். தட்டு டங்கென்று சத்தம் போட்டது. சூடம் அணைந்து உள்ளங்கைக்கும் தட்டுக்கும் நடுவில் புகை கசிந்தது. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தான். மாரித்தாய் ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்து ஊதினாள்.

முத்துமணி கன்னத்தில் போட்டுக்கொண்டான். "சாமி இப்பத்தான் ஏத்துக்கிட்டாரு," என்றான். மற்ற நாலு பேரும் போட்டுக்கொண்டார்கள். எல்லாருக்கும் முகத்தில் ஒரு நிம்மதி. பேச்சிராஜ் சிரித்தான். முகம் நேராக நின்றுதான் சிரித்தது. திருநீற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தான்.

"பூசிக்கிடுங்க மாமா. இப்பயாவது நம்புதீங்களா?"

அவன் நெற்றிக்கு நான் பூசிவிட்டேன். எனக்குப் பூசிக்கொள்ளவில்லை. அன்றைக்கும் இவன் இதே வார்த்தையைத்தான் சொன்னான், அதே பீடத்தில், அதே சாமிக்கு முன்னால். அன்றைக்கு ஏற்றுக்கொள்ளாத சாமிக்கு இன்றைக்கு என்ன வந்தது? ஒன்றரை வருசம் வெறும் வயிற்றில் போட்ட மாத்திரை கையை நிறுத்தியது. அவன் கையைப் பார்த்துவிட்டு நாங்கள் அன்றைக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம், இன்றைக்கும் போட்டுக்கொள்கிறோம். அவன் முகத்தை இன்னும் ஒருத்தனும் பார்த்தபாடில்லை. இதை அங்கே சொன்னால் அந்தப் பையனுக்குக் கிடைத்த நல்ல பேரும் போய்விடும்.

முத்துமணி சர்க்கரைப் பொங்கல் வைக்கலாம் என்று பேச ஆரம்பித்தான். முந்திரி போடாமல் வைக்கணும் என்றாள் கோமதித்தாய். எல்லாரும் சிரித்தார்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமா, சாப்பிட்டுட்டுப் போங்க என்று பேச்சிராஜ் பின்னால் கூப்பிட்டான். வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. திரும்பாமல் கையை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தேன். செட்டுக்குள் தறி ஓட ஆரம்பித்துவிட்டது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.